காலிங் பெல்லுக்குக் கண் வைக்கும் முன்

2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதம் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதி தங்கள் தோட்டத்து வீட்டில் கொலையுண்டு கிடந்தார்கள். அதன் பிறகு, பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கூடிப் பேசும் இடங்களிலெல்லாம் தவறாமல் அடிபடும் பொருளாகிவிட்டது வீடியோ காலிங் பெல்.

வாசலில் ஒரு பொத்தான், அதற்கு மேல் ஒரு கேமரா, கூடவே மைக்கும் ஸ்பீக்கரும். மணி அடித்தவரின் முகத்தை உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் கைபேசியில் பார்க்கலாம், பேசலாம்.

நல்ல பொருள்தான். ஆனால், வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ‘எத்தனை மெகாபிக்சல்?’ என்றுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மணி அடித்தால் வீட்டில் யார், எதன் வழியாகப் பதில் சொல்லப்போகிறார்? பதிவாகும் காட்சி யார் கையில் இருக்கப்போகிறது? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் விலையைப் பேசுவதில் பயனில்லை.

திருடன் மணி அடிப்பதில்லை

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்வது நல்லது. தோட்டத்து வீட்டில் கொள்ளையடிக்க வருகிறவன் காலிங் பெல்லை அழுத்திவிட்டுக் காத்திருக்க மாட்டான். கொல்லைப்புறம் வழியாகவோ சுவர் ஏறியோ வருகிறவனை முன்வாசல் கேமரா பார்க்கப்போவதும் இல்லை. அங்கே தேவைப்படுபவை வேறு: நாய், நாலு பக்கமும் வெளிச்சம், பின்புறத்தையும் பார்க்கும் கேமராக்கள், கூப்பிட்டால் ஓடிவரும் தூரத்தில் ஓர் ஆள், இரவு ரோந்து. பெல்லை மாட்டிவிட்டதால் அப்பா அம்மாவுக்குக் காவல் போட்டாயிற்று என்று ஒரு மகன் நிம்மதியடைந்தால், அந்த நிம்மதியே ஆபத்து.

அப்படியென்றால் இது எதற்கு? இந்தக் கருவியின் மூதாதையை உருவாக்கியவரைப் பார்த்தால் புரியும். மேரி வான் பிரிட்டன் பிரவுன் ஒரு செவிலியர். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வசித்தவர். கணவன், மனைவி இருவருக்கும் வேலை நேரம் முன்பின்னாக இருந்ததால் வீட்டில் தனியாக இருக்க வேண்டிய இரவுகள் அவருக்கு அதிகம். அழைத்தால் போலீஸ் சீக்கிரம் வந்துவிடாத பகுதி அது. கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகள், அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் கேமரா, அறைக்குள் ஒரு திரை, வெளியே நிற்பவரிடம் பேச ஒரு மைக், உள்ளிருந்தபடியே தாழ் திறக்க ஒரு விசை என்று அவர் யோசித்தார். மின்னணுத் தொழில் தெரிந்த கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் அது கிடைத்தது.

வந்திருப்பது யார் என்று கதவைத் திறக்காமலே தெரிந்துகொள்ள வேண்டும், வேண்டாதவராக இருந்தால் திறக்காமலே அனுப்பிவிட வேண்டும். அவருடைய தேவை அவ்வளவுதான். இன்றைக்கும் இந்தப் பெல் உருப்படியாகச் செய்யும் வேலை அதுவே.

மின்வாரியத்திலிருந்து வருகிறேன், கேஸ் அடுப்பைச் சோதிக்க வந்திருக்கிறேன், உங்கள் பையன் பார்சல் அனுப்பியிருக்கிறார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத்தான் இது தடுத்து நிறுத்தும். நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வந்தவரை வெளியே நிற்கவைத்துப் பேசுவது மரியாதைக் குறைவு. கதவைத் திறந்துவிட்டுத்தான் ‘யாருப்பா?’ என்று கேட்பார்கள். கதவு லென்ஸ் வழியாக எட்டிப் பார்ப்பதைக்கூட வந்தவரைச் சந்தேகிப்பதாக நினைத்துக் கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். பெல்லே பேசும் என்று ஆகிவிட்டால் அந்தக் கூச்சம் குறையும். எனக்குத் தெரிந்து இதன் மிகப் பெரிய பயன் இதுதான். எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்வதில்லை.

அழைப்பு யாருக்குப் போகிறது?

பல மாடல்களில் வீட்டுக்குள் மணி ஒலிக்க ‘சைம்’ எனும் தனிக் கருவி வேண்டும். சிலவற்றில் அது பெட்டியோடு வரும். சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒலிப்பது கைபேசி மட்டும்தான்.

இதை யோசிக்காமல் வாங்கினால் என்ன நடக்கும்? திருநெல்வேலியில் காலை பதினொன்றரைக்குத் தபால்காரர் மணி அடிப்பார். நியூ ஜெர்சியில் அப்போது கோடைக்கால நேரப்படி அதிகாலை 2 மணி. மகன் அலறியடித்து எழுவார். அப்பாவின் கைபேசி சத்தம் குறைக்கப்பட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் இருக்கும். தபால்காரர் போய்விடுவார்.

எழுபதைத் தாண்டியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, கைபேசிச் செயலியை நம்பிய பெல்லைவிடப் பழைய ‘வீடியோ டோர் போன்’ பல நேரங்களில் மேல் என்பது என் கருத்து. வாசலில் கேமரா, ஹாலில் ஏழு அங்குலத் திரை, இடையே ஒயர். இணையம் வேண்டாம், கணக்குத் திறக்க வேண்டாம், கடவுச்சொல்லை மறக்கவும் வழியில்லை. மணி அடித்ததும் திரையில் முகம் தெரியும். ஒரு பொத்தானை அழுத்திப் பேசலாம். சுவரைக் குடைந்து ஒயர் இழுக்க வேண்டும் என்பதுதான் அதன் தொல்லை. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் வாசலிலிருந்து ஹாலுக்கு ஒரு குழாயை இப்போதே போட்டு வைத்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும், பார்சல் மட்டும் வந்துகொண்டிருக்கும் என்றால் கணக்கு வேறு. அங்கே கைபேசிக்கு அழைப்பு வரும் பெல்தான் பொருத்தம்.

கரண்ட், சுவர், வெயில்

அமெரிக்காவிலிருந்து வருகிற உறவினர் சூட்கேஸில் ஒரு பெல்லையும் கொண்டுவருவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அங்கே ஒயரில் இயங்கும் பெல்கள் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 16 முதல் 24 வோல்ட்டில் ஓடுபவை. நம் வீட்டில் பொத்தானுக்கு வருவதோ நேரடி 230 வோல்ட். பழைய பெல் பொத்தானைக் கழற்றிவிட்டு அதே ஒயரில் புதியதை மாட்டினால் நொடியில் புகைந்துவிடும், மாட்டுகிறவருக்கும் ஆபத்து. எந்த ஊரில் வாங்கினாலும், என்ன மின்னழுத்தம் என்று பெட்டியில் படித்துவிட்டுத்தான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

பேட்டரி பெல்லுக்கு இந்த வம்பு இல்லை. ஆனால், மாதக்கணக்கில் சார்ஜ் நிற்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பது, நாளைக்குச் சில தடவை மட்டும் கேமரா விழிக்கும் வீட்டுக்கு. தெருவை ஒட்டிய வாசலில் போகிற வருகிற ஆட்டோவுக்கெல்லாம் அது விழித்துக்கொள்ளும். பேட்டரி சீக்கிரமே தீரும். தீர்ந்தால் ஸ்டூலில் ஏறிக் கழற்றி, சார்ஜ் போட்டு, திரும்ப மாட்டப்போவது யார்? மாட்டும்போதும் அசட்டை கூடாது. 2020 நவம்பரில் வீடியோ பெல் தயாரிக்கும் ரிங் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 3.5 லட்சம் பெல்களுக்கு எச்சரிக்கை விட வேண்டிவந்தது. பெட்டியில் வந்த திருகாணியை விட்டுவிட்டு வேறொன்றைப் போட்டால் பேட்டரி சேதமாகித் தீப்பிடிக்கலாம் என்பதே காரணம்.

நம் வெயிலும் இதற்கு எதிரி. மேற்குப் பார்த்த வாசலில் மாலை வெயில் நேரே அடிக்கும் இடத்தில் லித்தியம் பேட்டரியின் ஆயுள் குறையும். லென்ஸில் ஒளி பட்டு, வந்தவரின் முகம் கரிய நிழலாகத் தெரியும். இன்னொன்றும் உண்டு. பல பெல்கள் உடல் சூட்டை வைத்துத்தான் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கின்றன. சித்திரை, வைகாசியில் வேலூரின் வாசல் சுவரும் மனித உடலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது அந்தச் சென்சார் தடுமாறும். நிழல் விழும் பக்கமாக, போர்ட்டிகோவுக்குள் மாட்டுவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது வைஃபை. பெரும்பாலான பெல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. ரௌட்டர் ஹாலில் டி.வி.க்குப் பின்னால் இருக்கும். பெல்லோ இரண்டு கான்கிரீட் சுவர்களையும் ஓர் இரும்புக் கதவையும் தாண்டிக் கேட்டில் இருக்கும். வாங்கும் முன் எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். பெல் வரப்போகும் இடத்தில் நின்று, வீட்டுக் கதவுகளைச் சாத்தச் சொல்லி, வீட்டு வைஃபையில் ஒரு வீடியோ கால் பேசுங்கள். படம் உறைந்தால் பெல்லிலும் உறையும். முதலில் சிக்னலைச் சரிசெய்யுங்கள்.

மின்வெட்டின்போது பெல்லுக்குப் பேட்டரி இருந்தும் ரௌட்டர் அணைந்துவிட்டால் எல்லாம் அணைந்த மாதிரிதான். ரௌட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் போடுங்கள். அல்லது ரௌட்டருக்கென்றே விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்றை வாங்குங்கள்.

மெகாபிக்சலைப் பற்றி ஒரே பத்தி போதும். அகலமாகக் காட்டும் கேமராவைவிடத் தலை முதல் கால் வரை உயரமாகக் காட்டும் கேமரா வாசலுக்கு ஏற்றது. தரையில் வைத்த பார்சலும் தெரியும். சுமார் நாலடி உயரத்தில் மாட்டினால் முகம் சரியாக விழும். இரவில் விளக்கை அணைத்தும் முகம் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். 2 மெகாபிக்சலில் தெளிவாகத் தெரியும் முகம், சிக்னல் இல்லாத 5 மெகாபிக்சலில் தெரியாது.

பதிவு யார் வீட்டில் இருக்கிறது?

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கேமரா உங்கள் வாசலில் இருக்கிறது. படம் எங்கே இருக்கிறது?

மூன்று வழிகள் இருக்கின்றன. பெல்லுக்குள்ளேயே மெமரி கார்டு. பெல்லைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் சேர்ந்தே போய்விடும். வீட்டுக்குள் இருக்கும் சைமிலோ தனிப் பெட்டியிலோ பதிவு, இது மேலானது. நிறுவனத்தின் கிளவுட், வசதியானது, ஆனால் மாதா மாதம் பணம், அத்துடன் உங்கள் வாசலின் நடமாட்டம் முழுவதும் அடுத்தவர் கிடங்கில். சில பெல்களில் சந்தா கட்டாவிட்டால் நேரலையை மட்டும் பார்க்க முடியும், எதுவும் பதிவாகாது. ரிங் அப்படித்தான். எனவே, விலையைப் பார்க்கும்போது ஐந்தாண்டுச் சந்தாவையும் கூட்டிப் பாருங்கள். மலிவென்று நினைத்த பெல் மலிவாக இருக்காது.

நிறுவனத்தை நம்பலாமா? நடந்தவற்றைப் பார்ப்போம். அமேசான் 2018-ல் வாங்கிய ரிங் நிறுவனத்தின் மீது 2023-ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. வாடிக்கையாளர்களின் காட்சிகளை ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் கட்டுப்பாடின்றிப் பார்க்க முடிந்தது என்பது குற்றச்சாட்டு. ஓர் ஊழியர் பெண்களின் வீட்டுக்குள் இருந்த கேமராக்களின் காட்சிகளை மாதக்கணக்கில் பார்த்துவந்ததாகவும் ஆணையம் சொன்னது. 58 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

பதிவு வீட்டைவிட்டு வெளியே போகாது என்று சொல்லி விற்ற யூஃபி நிறுவனத்தின் கதை 2022 நவம்பரில் வெளிப்பட்டது. பெல்லில் பதிவான முகங்களின் சிறுபடங்கள் கிளவுடுக்குப் போய்க்கொண்டிருந்ததை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தார்.

இவை பெரிய பெயர்கள். பெயர் தெரியாத மலிவுப் பெல்களின் நிலை இதைவிட மோசம். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு சோதித்த ஈக்கன் நிறுவனத்தின் பெல்களில், வாசலுக்கு வந்த யாரும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்துத் தன் கைபேசியோடு அதை இணைத்துக்கொள்ள முடிந்தது. அதே பெல் பல பெயர்களில் ஆன்லைனில் விற்பனையாகிக்கொண்டிருந்தது.

நம் நாட்டுக்கும் இதெல்லாம் அந்நியம் இல்லை. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் திருடப்பட்டு, யூடியூபில் துணுக்குகளாக வெளியாகி, டெலிகிராமில் விற்பனைக்கு வந்தது நினைவிருக்கலாம். கேமரா வைத்தவர்கள் பாதுகாப்புக்கென்றுதான் வைத்தார்கள்.

எதிர்வீட்டாரின் முகம்

சென்னை அடுக்ககங்களில் எதிரெதிர்க் கதவுகளுக்கு இடையே பல இடங்களில் ஐந்தடிகூட இருக்காது. என் கதவில் பெல் மாட்டினால் அது பார்ப்பது எதிர்வீட்டை. அவர்கள் வீட்டுப் பெண் எத்தனை மணிக்குத் திரும்பினாள், யார் வந்தார்கள், கதவு திறக்கும்போது ஹாலில் யார் உட்கார்ந்திருந்தார்கள் எல்லாம் என் கைபேசியில் வந்து குவியும். அதையெல்லாம் பார்க்க எனக்கு என்ன உரிமை?

2021 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றத்தில் முடிந்த வழக்கும் இப்படிப்பட்டதுதான். ஒருவர் வைத்த பெல்லும் கேமராக்களும் பக்கத்து வீட்டுக்காரரின் உரிமையை மீறின என்று தீர்ப்பானது. படத்தைவிட ஒலிப்பதிவுதான் பெரிய தொல்லை என்று நீதிபதி குறிப்பிட்டது கவனிக்க வேண்டியது. கேமராவின் பார்வைக்கு எட்டாத தூரத்துப் பேச்சும் மைக்குக்கு எட்டும்.

இந்தியாவின் 2023-ம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதற்கு விலக்கு அளிக்கிறது. அதனால் எதிர்வீட்டார் அந்தச் சட்டத்தைக் காட்டி நம்மைத் தடுப்பது கடினம். ஆனால், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. சேர்ந்து குடியிருக்கும் வீட்டுக்குள் மற்றவர் சம்மதம் இல்லாமல் கேமரா இயங்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-ல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. சட்டம் கிடக்கட்டும். மாட்டுவதற்கு முன்பு எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, ‘இந்த மாதிரி வைக்கப்போகிறோம், உங்கள் பக்கம் தெரியாதபடி மறைத்துவிடுகிறோம்’ என்று சொல்வதற்குச் செலவு ஒன்றுமில்லை.

எனக்கு இதில் எரிச்சலூட்டும் விஷயம் வேறொன்று. உணவு கொண்டுவரும் இளைஞர் முகவரி தேடித் தயங்கி நிற்பது, வீட்டு வேலைக்கு வருகிற அம்மா கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவது, குப்பை எடுப்பவர் திரும்பிப் பார்ப்பது. இவற்றையெல்லாம் வெட்டி எடுத்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ‘சந்தேக நபர், உஷார்’ என்று போடுகிறார்கள். பெல் காட்டியது ஒருவரின் முகத்தை, குற்றத்தை அல்ல. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் பதிவை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகலாம். குழுவில் போடும் உரிமை யாருக்கும் இல்லை. குடியிருப்போர் சங்கங்கள் இதை விதியாகவே எழுதி வைக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

அரசின் பக்கம் ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. சிசிடிவி கேமராக்களுக்கான கட்டாயப் பாதுகாப்புச் சோதனை விதிகள் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. வீடியோ காலிங் பெல்லுக்கும் இதே கண்டிப்பு உண்டு என்று பெட்டியிலேயே வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு இத்தகைய கருவிகளை விற்க முடியாது. எத்தனை காலம் பாதுகாப்பு மேம்படுத்தல் கிடைக்கும் என்றும் சொல்லியாக வேண்டும். மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி போல, இங்கேயும் பெல் பெட்டியில் அந்தத் தேதி அச்சாக வேண்டும். அதுவரை கடைக்காரரிடம் மத்திய அரசின் எஸ்.டி.க்யூ.சி. சோதனைச் சான்று உண்டா, சேவை மையம் நம் ஊரில் இருக்கிறதா என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடையை விட்டுவிடலாம்.

வீட்டின் பக்கம் செய்ய வேண்டியவை சில. பதிவு வீட்டுக்குள்ளேயே இருக்கும் மாடலாகத் தேடுங்கள். கைபேசிக்கு ஓ.டி.பி. வந்தால்தான் உள்ளே நுழைய முடியும் என்ற இரட்டைப் பூட்டைப் போட்டுவிடுங்கள். எதிர்வீட்டுக் கதவு விழும் பகுதியைச் செயலியில் கறுப்பாக மறைக்கும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. அது உள்ளதையே வாங்குங்கள். தேவையில்லாவிட்டால் ஒலிப்பதிவை அணைத்து வையுங்கள். பழைய பதிவு ஒரு வாரத்தில் தானாக அழியட்டும். கதவுச் சங்கிலியையும் கிரில் கேட்டையும் எடுத்துவிடாதீர்கள்.

பெற்றோருக்காக வாங்குகிறவர்கள், மாட்டிய நாளிலேயே ஊருக்குக் கிளம்பிவிட வேண்டாம். அம்மாவை உள்ளே உட்காரவைத்து, நீங்கள் வெளியே நின்று மணி அடியுங்கள். கதவைத் திறக்காமல் அவர் பேசிப் பழகட்டும். ‘பையன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன், நாளைக்கு வாங்க’ என்று அவர் வாயால் சொல்லிப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று, பலரும் கவனிக்காதது. பெல் மாட்ட வருகிற தம்பி அவசரத்தில் தன் கைபேசியில், தன் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து இணைத்துக் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. அப்படியென்றால் உங்கள் வாசலின் முதல் உரிமையாளர் அவர்தான். கணக்கு வீட்டுக்காரர் பெயரில், வீட்டுக்காரர் எண்ணில் இருக்கட்டும். மாட்ட வந்தவர் படியிறங்குவதற்கு முன்பே கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, செயலியில் வேறு யாருடைய பெயராவது பகிர்வுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுங்கள்.